மறுதாம்பு

எப்போதும் பச்சையாக இருக்கும் புல் என்றால் அதன் இலைகள் சாவதே இல்லை என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வோர் இலையும் சில மாதங்களில் காய்ந்துதான் போகிறது. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் காய்வதில்லை. ஒன்று பழுக்கும்போது அடியிலிருந்து இன்னொன்று கிளம்பியிருக்கும். புனேயில் கராடியிலிருந்து ஸ்வார்கேட் போகும் பஸ்ஸை எந்த ஸ்டாப்பில் பார்த்தாலும் நிறைந்துதான் இருக்கும். அதற்காக ஏறியவர்களே கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. புல்லும் அப்படித்தான்.

இதெல்லாம் என் மனைவி ஸ்ரீரஞ்சனி புல் வளர்க்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தெரியவந்தது. நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து ஏழு வருடம் ஆகிறது. எனக்கு விமான் நகரில் அலுவலகம். கராடியில் ஒரு சொசைட்டியில் தரைத்தள வீடு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரை ஒட்டி நாற்பதடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு மண் பட்டை. சொசைட்டியின் இடம். பில்டர் அதில் போட்ட புல்தரை இரண்டே கோடையில் செத்துவிட்டது.

போன ஜூனில் நடந்த பொதுக்கூட்டத்தில் அந்த இடத்தை ரஞ்சனி கேட்டாள். ஏழு வருடத்தில் ஒரு கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. அவளுக்கு இந்தி அரைகுறை, மராத்தி கால்குறை. பேச வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அதே இடத்துக்கு மூன்றாவது மாடி ராகவேந்திராவும் கண் வைத்திருந்தார். கல் பதித்தால் எட்டு டூவீலர் நிறுத்தலாம் என்பது அவர் கணக்கு. செகரட்டரி நாட்கர்ணி மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மார்ச் கூட்டம் வரைக்கும் இடம் உங்களுக்கு. அப்ப வெயில் ஆரம்பிச்சிருக்கும். பச்சையா இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா கல்லு," என்றார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். தெரிந்த இந்தியில் நயமாகப் பேச வழியில்லாததால் ரஞ்சனி நேராகவே சொல்லிவிட்டாள்: "பச்சையா இல்லேன்னா நானே பிடுங்கிடறேன்."

"எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க," என்று ராகவேந்திரா சிரித்தார். நாட்கர்ணி மேடம் உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

மழையோடு மழையாக இரண்டு வகைகளை நட்டாள். பின்வரிசையில் ஃபவுண்டன் புல். குத்துக் குத்தாக இடுப்பளவு வளர்ந்து, நீரூற்று மாதிரி நாலாபக்கமும் வளைந்து விழும். பனி கொட்டுகிற ஊர்களில் அது குளிர்காலத்தில் காய்ந்துவிடுமாம். புனேக் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. முன்வரிசையில் மாண்டோ புல். ஒரு சாண் உயரம், கருநீலம் கலந்த பச்சை, தலைமுடி மாதிரி மெல்லிய இலை. அக்டோபரில் மழை நின்றது. வாரம் இரண்டு முறை, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கழித்துக் கொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றினாள். ஜனவரியிலும் பச்சை. வாசலில் சொசைட்டி வளர்த்த பெரிய புல்தரை அதற்குள் கோரைப்பாய் நிறத்துக்கு வந்திருந்தது.

இந்த வகைப் புல்லுக்கு வருடத்துக்கு ஒரு வேலைதான் முக்கியம். வெட்டுவது இல்லை, வாருவது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, குத்தின் அடியில் விரல்களை விட்டு மேல்நோக்கி இழுக்க வேண்டும். ரப்பர் பிடிப்பில் செத்த இலைகள் மட்டும் கழன்று வந்துவிடும், உயிருள்ளவை நிற்கும். அவள் பாத்திரம் கழுவும் கையுறையோடு உட்கார்ந்து இதைச் செய்வதைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாடிப் பெண்கள், "பின்னி எப்ப பூ வைக்கப்போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நாற்பதடியையும் ஒருத்தியாக வார முடியாது. சொசைட்டித் தோட்டக்காரர் ஞானோபாவுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஞானோபாவுக்கு ஐம்பது வயதிருக்கும், பீட் மாவட்டத்துக்காரர், டிசம்பரில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இந்த ஊர் வழக்கப்படி அவரை எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள். ரஞ்சனியும் ஜன்னலைத் திறந்து, "மாமா! ஓ மாமா!" என்பாள்.

"என்னைய ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு நாளாவது மண்வெட்டி எடுத்திருக்கீங்களா?"

பிப்ரவரி இரண்டாவது வாரம் வேலை விஷயமாக நான் சென்னையில் இருந்தேன். வாருகிற நாள் என்று தெரியும். பார்க்க ஆசைப்பட்டு வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். ரஞ்சனி போனைச் சுவரோரம் ஒரு செங்கல்லின்மேல் சாய்த்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து சிலிண்டர் வந்துவிட்டது. "இருங்க, வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். இணைப்பு மோசம், அவள் சொன்னது என் காதில் விழவில்லை. என் திரையில் பாதிச் சுவரும் பாதி வானமும் அப்படியே உறைந்து நின்றன.

"ரஞ்சனி, புல்லு தெரியல," என்றேன்.

திரை அசையவில்லை.

"கீழ காட்டு. காட்டு, காட்டு! எல்லாத்தையும் காட்டு!"

அப்புறம் லைன் போய்விட்டது. நான் மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

இந்தியில் காட்டோ என்றால் வெட்டு என்று பொருள். தமிழ்க் காட்டுக்கும் இந்திக் காட்டோவுக்கும் நடுவே இருப்பது டகரத்தில் ஒரு சின்ன அழுத்தமும் கடைசி உயிரெழுத்தும்தான். செங்கல்லில் சாய்த்த போனின் ஸ்பீக்கரில் அவ்வளவு நுணுக்கம் எங்கே கேட்கும்? ரஞ்சனிக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில் ஞானோபா நின்றிருந்தார். வேலி கழிக்கக் கொண்டுவந்த கொய்தா, அதாவது நம் வெட்டரிவாள் மாதிரி ஒன்று, கையிலேயே இருந்தது. ஸாஹேப் போனில் வந்து நாலு தடவை வெட்டு, வெட்டு என்கிறார். அம்மா ஒன்று சொல்வதும் ஐயா வேறு சொல்வதும் அவர் வேலை பார்த்த வீடுகளில் புதிதில்லை. குனிந்தார். நல்ல கைவேகம். ரஞ்சனி சிலிண்டரை மாட்டி, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, வந்த ஆளை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது நாற்பதடியும் முடிந்திருந்தது. வெட்டிய புல்லை அழகாக ஒரு பக்கம் அடுக்கியும் வைத்திருந்தார்.

மீட்டிங் முடிந்து வந்து பார்த்தால் போனில் ஏழு அழைப்பு.

"ஏனுங்க, ஞானோபாகிட்ட என்ன சொன்னீங்க?"

"நானா? அவர்கிட்ட நான் பேசவே இல்லையே."

"நாலு தடவ சொன்னீங்களாமா."

"உன்கிட்டதான் பேசிட்டிருந்தேன். ஒண்ணும் தெரியல, புல்லக் காட்டு, காட்டுன்னு..."

சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துவிட்டது.

"என்ற புல்லு போச்சுங்க," என்றாள். "போன வைங்க."

புல்தானே, மறுபடி வளராதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். விஷயம் இதுதான். குளிரில் காய்கிற வகைப் புல், காய்வதற்கு முன்னாலேயே இலையில் இருக்கும் சத்தையெல்லாம் வேருக்கு இறக்கிவிடும். அப்புறம் அதை ஒட்ட வெட்டினால் நஷ்டமில்லை. போவது வெறும் சருகு. எப்போதும் பச்சையாக இருக்கும் வகை அப்படி இறக்கி வைப்பதில்லை. அதற்குச் சமையலறையும் இலைதான், சாமான் அறையும் பெரும்பாலும் இலைதான். மொத்தமாக வெட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் போகிறது. வேரில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு புது இலை விட வேண்டும். விட்டால் உண்டு. மார்ச் கூட்டத்துக்கு இருந்தது ஆறே வாரம்.

சனிக்கிழமை காலை நான் ஊர் திரும்பியபோது ஞானோபா பட்டையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். இருவருக்கும் யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நான் நடந்ததை இந்தியில் விளக்கினேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன பாஷை ஸாஹேப் உங்களது! பொண்டாட்டிகிட்ட பேசினாலே ஊரெல்லாம் வெட்டு விழும் போலிருக்கே!"

உள்ளேயிருந்த ரஞ்சனிக்கு அது கேட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பிறகு அவள் வெளியே வந்ததும் அவர் ஒரு ஃபவுண்டன் குத்தின் அடிக்கட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. "இது கோட்வா வரும், தாயி," என்றார். தாயி என்றால் மராத்தியில் அக்கா.

கோட்வா என்றால் என்ன என்று கேட்டோம். ஞானோபா இருபது வருடம் கரும்பு வெட்டப் போனவர். சீசனுக்குச் சீசன் குடும்பத்தோடு மேற்கே போய்த் தோட்டம் தோட்டமாக வெட்டுவார்களாம். கரும்பை மண்ணை ஒட்டி வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் மிச்சமுள்ள கணுக்களிலிருந்து சவலையாக முளைக்கும். ஒட்ட வெட்டினால் மண்ணுக்குள்ளிருக்கும் கண்ணிலிருந்து தடித்த முளை வரும். அப்படி நடாமலே வருகிற இரண்டாவது பயிர்தான் கோட்வா. அதனால்தான் எங்கள் புல்லையும் அவ்வளவு நேர்த்தியாக ஒட்ட வெட்டியிருக்கிறார்.

"மறுதாம்பு!" என்றாள் ரஞ்சனி என்னிடம். "நம்ம பக்கம் கரும்புக்குச் சொல்வாங்களே."

"மருத்தம்பா?" என்றார் ஞானோபா.

"கிட்டத்தட்ட," என்றேன்.

கரும்பும் புல் இனம்தான். எனவே ஃபவுண்டன் புல் விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாண்டோ அப்படியில்லை. அது பெயரில்தான் புல். இனத்தில் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு. மெதுவாக நகரும் சாதி. அதற்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மறுதாம்புக்குக் கரும்புக் காட்டில் செய்வதை அப்படியே செய்தார்கள். கட்டையைச் சுற்றி மண்ணை லேசாகக் கொத்திவிட்டார் ஞானோபா. வெட்டி அடுக்கிய புல்லைக் குப்பைக்கு அனுப்பாமல் வரிசைகளுக்கு நடுவே நாலு விரல் தடிமனுக்குப் பரப்பினார்கள். வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் போகாது. கட்டையின் தலைமேல் மட்டும் சருகு விழாமல் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் முளை அழுகும். மாண்டோவுக்கு மேலே ரஞ்சனி பழைய வாயில் சேலைகளை நாலு குச்சியில் கட்டி நிழல் போட்டாள். வெயில் ஏறியதும் கட்டுவாள், நாலு மணிக்கு அவிழ்ப்பாள்.

ஆறாவது நாள் என்னை வெளியே கூப்பிட்டாள். "இங்க பாருங்க. இது செத்ததா, உசுரா?"

ஒரு கட்டையிலிருந்து பச்சை நாடாக்கள் இரண்டு விரல் நீட்டியிருந்தன. அவற்றின் நுனி கூராக இல்லை, கத்தரித்த மாதிரி சதுரமாக இருந்தது. மரமாக இருந்தால் வெட்டிய கிளையின் நுனி நின்ற இடத்திலேயே நிற்கும். புல் இலை நுனியில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது. டேப்பை உறையிலிருந்து இழுப்பது மாதிரி, கீழேயிருந்து தள்ளத் தள்ள மேல்பகுதி உயரும். கொய்தா பட்ட அதே நுனிதான் இப்போது இரண்டு விரல் மேலே வந்திருந்தது. மார்க்கர் பேனாவால் இலையின் அடியில் ஒரு கோடு போட்டு வைத்தோம். மூன்று நாளில் கோடும் மேலே ஏறிவிட்டது. ரஞ்சனி தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பாள்.

இரண்டாவது வாரம்தான் அவள் காத்திருந்தது வந்தது. சதுர நுனிகளுக்கு நடுவே ஒரு கூர் நுனி. சதுர நுனி பழைய இலை, இருக்கிற பலத்தில் நீள்வது. கூர் நுனி என்றால் புல் புதிதாக ஒரு இலையைச் செய்திருக்கிறது என்று பொருள்.

மாண்டோவில் கூர் நுனி ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்க்கிங்கில் கூட்டம். லிஃப்ட், நாய்கள், தண்ணீர் லாரி வரும் நேரம் எல்லாம் பேசி முடித்து, எங்கள் விஷயம் வந்தபோது எல்லோரும் எழுந்து பட்டையருகே நடந்தார்கள். முப்பத்தேழு டிகிரி. பின்வரிசை ஃபவுண்டன் ஒரு முழம் வந்திருந்தது, பச்சை. முன்வரிசை மாண்டோவில் பாதிக்கு நாலு விரல் உயரத்தில் தலைமுடி கிளம்பியிருந்தது. கடைசி வாரத்தில்தான் வர ஆரம்பித்தது. மீதிப் பாதி வழுக்கை. நடுவில் எங்கள் வீட்டுச் சேலை நிழல்.

"இதுவா தோட்டம்?" என்றார் ராகவேந்திரா. "துணி காயப்போட்ட இடம் மாதிரி இருக்கு."

ரஞ்சனி வழக்கம்போலச் சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்ன அளவுக்குப் பச்சையா இல்லை," என்றாள். "பிப்ரவரியில தப்பா வெட்டிட்டாங்க. தப்பு எங்க வீட்டோடது. வேர் உயிரோட இருக்கு. ஆனா பாதிதான் வந்திருக்கு."

"பச்சையா இல்லேன்னா பிடுங்கிடறேன்னு எழுதியிருக்கு," என்றார் ராகவேந்திரா. "நான் சொல்லல. மேடம் நோட்டுல இருக்கு."

நாட்கர்ணி மேடம் நோட்டைத் திறக்கவில்லை. "இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் சேலையைச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு, பின்வரிசையில் ஒரு ஃபவுண்டன் குத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். இலைகள் கையில் நழுவின.

"நகருங்க, நான் பாக்கறேன்," என்று ராகவேந்திரா முன்னால் வந்தார். தினம் ஜிம்முக்குப் போகிறவர். காலை அகட்டி நின்று இழுத்தார். முகம் சிவந்தது. புல் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"மேலே ஒரு முழம்னா கீழே ரெண்டு முழம் இருக்கும்," என்றார் ஞானோபா. கடப்பாரையை எடுத்து வந்து குத்தைச் சுற்றி நாலு இடத்தில் நெம்பினார். நாலாம் நெம்பலில் மண் பிளந்து, குத்து ஒரு பூசணிக்காய் அளவு மண்ணோடு எழுந்து வந்தது. வெள்ளை வெள்ளையாக வேர்கள் மண்ணை வலைபோலப் பின்னிப் பிடித்திருந்தன. அந்தக் குழியிலிருந்து மழை பெய்த மாதிரி ஒரு வாசனை வந்தது.

நாட்கர்ணி மேடம் குனிந்து குழிக்குள் கை விட்டார். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினார். உருண்டையாக நின்றது.

"கடைசியா எப்ப தண்ணி ஊத்தினீங்க?"

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு பக்கெட்," என்றாள் ரஞ்சனி.

"அஞ்சு நாளா?" மேடம் வாசல் புல்தரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது வெடித்துக் கிடந்தது. அதற்குத் தினமும் அரை மணி நேரம் பைப் ஓடுகிறது. தண்ணீர் லாரிக்காரன் காலை ஐந்து மணிக்கு ஹாரன் அடிப்பது மேடம் வீட்டு வாசலில்தான்.

"இது என்ன மாயம்?"

ரஞ்சனி சருகை விலக்கிக் காட்டி விளக்க ஆரம்பித்தாள். இந்தி பாதியில் தடுக்கியது. சருகுக்கு அவளுக்கு இந்திச் சொல் தெரியவில்லை. ஞானோபா மராத்தியில் எடுத்துக் கொடுத்தார். அவள் மண்ணைத் தொட்டுக் காட்ட, அவர் சொன்னார்; அவர் விட்ட இடத்தில் அவள் சொன்னாள். சதுர நுனிக்கும் கூர் நுனிக்கும் வந்தபோது எல்லோரும் குனிந்துவிட்டார்கள். ராகவேந்திரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு இலையைப் பிரித்துப் பார்த்தார்.

"இது கூர்," என்றார். "இதுவும் கூர். அட, இதுல நிறைய கூரா இருக்கே."

நாட்கர்ணி மேடம் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். "தீபாவளி வரைக்கும் பாக்கலாம். வழுக்கையா இருக்கிற பாதியை நிரப்பணும். கை தூக்குங்க."

பதினொரு கைகள் எதிராகவும் பத்தொன்பது ஆதரவாகவும் உயர்ந்தன. ராகவேந்திரா எதிராகத்தான் தூக்கினார். டூவீலர் விஷயத்தில் அவர் கொள்கை மாறாதவர்.

கூட்டம் கலைந்தது. பிடுங்கிய குத்து வெயிலில் கிடந்தது. வேர் காய்ந்துவிடும் என்று ரஞ்சனி அதை நிழலுக்கு இழுத்து, காய்கறி வெட்டும் கத்தியை எடுத்து வரச் சொன்னாள். ஒரு குத்து என்பது ஒரே செடி இல்லை. பல சின்னச் செடிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கும்பல். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையும் அதற்குச் சொந்தமான கொஞ்சம் வேரும் இருந்தால் போதும், அது தனியாகப் பிழைத்துக்கொள்ளும். முதலில் கையால் பிரித்தாள், பிரியாத இடத்தில் கத்தி. ஒன்று ஏழாயிற்று. மாண்டோ போன வழுக்கைக்கு இவை போதாதுதான். மற்றக் குத்துகளை மழை தொடங்கியதும் பிரிக்கலாம் என்றாள்.

ஞானோபா வழுக்கையில் குழி தோண்ட ஆரம்பித்தார். ராகவேந்திரா இன்னும் போகாமல் நின்றிருந்தார்.

"என் பால்கனி மேற்குப் பார்த்தது," என்றார். "அங்க வருமா?"

ரஞ்சனி ஏழில் ஒன்றை எடுத்து ஈரச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள். "வரும். வேரும் இலையும் சேர்ற கழுத்து மண்ணுக்குள்ள புதையக் கூடாது. மண்ணு மட்டத்துல நிக்கணும்."

"வெட்டணுமா?"

"வாரணும்," என்றாள். "அடுத்த பிப்ரவரியில வாங்க, கையுறை தர்றேன்."

அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். ஞானோபா தோண்டிய ஆறு குழிகளிலும் நான்தான் துண்டுகளை நிறுத்திப் பிடித்தேன், ரஞ்சனி மண்ணை அமுக்கினாள். கடைசிக் குழியை மூடியதும் ஞானோபா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, எவ்வளவு ஊற்ற என்று கேட்டார்.

"புதுசு இல்லையா, மாமா," என்றாள் ரஞ்சனி. "இன்னிக்கு மட்டும் நிறைய ஊத்துங்க."